மறதி மாஸ்ரர்

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த வித்தியா அப்படியே நின்றுவிட்டாள். முட்டைத் தட்டுக்குக் கீழே அப்பாவின் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாமல் சில்லிட்டுக் கிடந்தது.

"அப்பா, காலமை வாங்கின மீன் எங்கை?"

பஞ்சலிங்கம் நெற்றியைத் தடவினார். "உள்ளுக்கைதானே பிள்ளை வைச்சனான்?"

மீன் அலுமாரிக்குள் இருந்தது. சட்டைகளுக்கு நடுவே, மூன்று பொலித்தீன் பைகளால் இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டபடி. நல்லவேளை, உடுப்புகளில் வாடை பிடிக்கவில்லை.

வேறொரு நாளென்றால் வித்தியா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பென்சிலைத் தேடியிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

அவள் படம் கீறிப் பிழைப்பவள். யாழ்ப்பாணத்தில் அச்சக வேலையை விட்டுவிட்டு, பருத்தித்துறை வீட்டிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சித்திரக்கதை இணையத்தில் போடத் தொடங்கியிருந்தாள். துறைமுகத்தைக் கீறினாள், வள்ளங்களைக் கீறினாள். பார்த்தவர்கள் 'நல்ல வடிவு' என்று எழுதிவிட்டுப் போனார்கள்; மாதச் சந்தா கட்டச் சொன்னால் ஆளில்லை. கனடாவிலிருக்கும் மாமி, அப்பாவின் தங்கை, மட்டும் பாவம் பார்த்துச் சேர்ந்தார்.

ஒருநாள் அப்பா மூக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வீடெல்லாம் அதைத் தேடினார். வித்தியா அதைக் கீறினாள். ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் 'மறதி மாஸ்ரர்' ஆனார்.

முதல் மூன்று கட்டங்களும் எல்லோருக்கும். சிரிப்பு இருக்கிற கடைசிக் கட்டம் சந்தாக்காரருக்கு மட்டும். லண்டன், நோர்வே, சுவிஸ் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். "அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ மாமி" என்று மாமியிடம் கெஞ்சி வைத்தாள். ஊரே எழும்பி நின்று மரியாதை கொடுத்த மனிதர். தன்னை வைத்து மகள் உலகத்தைச் சிரிக்கவைக்கிறாள் என்று அறிந்தால் தாங்குவாரா?

மழைக்காலத்தோடு சந்தாக்காரர் கழலத் தொடங்கினார்கள். மாதாமாதம் ஆட்கள் குறைய, பழையபடி அச்சகத்துக்கே போகவேண்டி வருமோ என்று மாமியிடம் போனில் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் மறதி முற்றியது. தேத்தண்ணிக்குள் உப்பைப் போட்டார். வேறு யாரோ ஒருவரின் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொன்றையும் வெள்ளிக்கிழமைக் கதையாக்கினாள். போனவர்கள் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அப்பா ஒரு பிழையும் விடாத வாரங்களில் அவளுக்கு ஏமாற்றமாய்க்கூட இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போது கூசியது.

நேற்றைய கதைக்குக் கீழே ஒரு சந்தாக்காரி எழுதியிருந்தார்: "என்ரை அம்மாவுக்கும் இப்பிடித்தான் தங்கச்சி தொடங்கினது. நாங்களும் சிரிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள். கெதியாய் ஒரு டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

வித்தியா குளிர்ந்த வேட்டியை எடுத்து உதறினாள். "வெளிக்கிடுங்கோ அப்பா."

"எங்கை?"

"டொக்டரிட்டை."

"எனக்கென்ன வருத்தம்?"

வேட்டியை அவர் கையில் திணித்தாள். அவர் வெளிக்கிடும் நேரத்தில், 'மறதி மாஸ்ரர் இனி வரமாட்டார்; எல்லோரும் மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று இணையத்தில் எழுதிப் போட்டாள். போட்ட கையோடு போனை நிறுத்தினாள்.

மருத்துவ நிலையத்து நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். உள்ளே போகமுன் சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. நாளைக்குச் சொன்னால் விளங்குமோ என்னவோ.

"அப்பா, நான் உங்களுக்கு ஒரு துரோகம் செய்துபோட்டன்."

"என்ன பிள்ளை?"

"நீங்கள் மறக்கிறதை எல்லாம் கீறிக் கீறி வித்தனான். ஊருலகமெல்லாம் காசு கட்டி உங்களைப் பாத்துச் சிரிச்சுது. அது வருத்தம் எண்டு எனக்கு விளங்கேல்லை. விளங்கினாலும் விட்டிருப்பனோ தெரியேல்லை. இண்டையோடை நிப்பாட்டிப்போட்டன். இனிக் கீறமாட்டன் எண்டு எல்லாருக்கும் அறிவிச்சாச்சு."

பஞ்சலிங்கத்தின் முகம் வெளிறியது. தனக்கு நோய் என்று கேட்டு அதிர்ந்துவிட்டார் என்று நினைத்து அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறிவிச்சுப்போட்டியோ?" என்றார் மெல்ல. "ஆக்கள் எல்லாம் விட்டிட்டுப் போயிடுவினமெல்லே?"

"போனாப் போகட்டும். எனக்கு நீங்கள்தான் வேணும்."

தாதி கதவைத் திறந்து, "பஞ்சலிங்கம் ஐயா!" என்று கூப்பிட்டாள்.

வித்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் எழவில்லை. அவளுடைய கையைப் பிடித்து இழுத்துத் திரும்பவும் இருத்தினார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டார்:

"விசர்ப் பிள்ளை, வாற வெள்ளிக்கு நான் எதை மறக்கிறது எண்டு முதல் சொல்லு!"