ஓடைக்கரைக் கதியால்

தண்ணீருக்குள் இறங்கிப் போகும் வேலியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

காலையில் அங்கே வேலி இருக்கவில்லை. வெஸ்ட்லிப் புறநகரில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடையும், மொட்டையான கரையும், ஈரச் சாக்கில் சுற்றி வைத்த வில்லோத் தடிகளும் மட்டும்தான் இருந்தன.

அன்று டுக்னாட். குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லோரும் கூடிச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் நாள். வழக்கமாகக் குப்பை கூட்டுவோம், உட்காரும் வாங்குக்குப் பெயின்ற் அடிப்போம், சொசேஜ் தின்போம். இந்த முறை மீனுக்கு நிழல் வேண்டுமாம்.

நகரசபையிலிருந்து வந்த இங்குன் என்ற பெண் விளக்கினாள். கீழே நகரத்துக்குள், இந்த ஓடை போய்ச் சேரும் ஆற்றை நிலத்தடிக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை ஒருநாள் திறந்துவிட்டால் கடலிலிருந்து சால்மன் மீன் இங்கே வரைக்கும் ஏறி வரலாம். அது வருகிறபோது கரையில் மரம் இருக்கவேண்டும். வேர் மண்ணைப் பிடிக்கும், இலை தண்ணீரைக் குளிர வைத்திருக்கும்.

வெறும் தடியை ஊன்றினாலே வில்லோ துளிர்த்துவிடும் என்றும் சொன்னாள். நாங்கள் மரியாதைக்கு ஆச்சரியப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் வேலி முழுக்க அப்படி ஊன்றித் துளிர்த்த தடிகள்தான். கதியால் என்போம்.

ஒவ்வொரு வாசல்காரருக்கும் ஒரு துண்டுக் கரை என்று அவள் பிரித்துக் கொடுத்தாள். எங்களுக்கு அடுத்த துண்டு பக்கத்து வாசலுக்கு. அங்கேதான் சனி பிடித்தது.

பக்கத்து வாசலில் இருப்பவர் அருளானந்தன். என் கணவர் இந்திரகுமாரின் சொந்தத் தமையன்.

ஊரில் தகப்பனின் காணியை இரண்டாகப் பிரித்தபோது, நடுவேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டது யார் என்று தொடங்கிய சண்டை. நாட்டை விட்டு ஓடி வந்தும் அது எங்களை விடவில்லை. இந்தக் குளிருக்குள் வந்தும் இரண்டு பேரும் ஒரே ரயில் பெட்டியில் ஏறமாட்டார்கள்.

போன வருடம் போர் நின்று சமாதானம் வந்து ஊர்ப் பாதை திறந்ததும் தமையன் ஊருக்குப் போய் வந்தார். திரும்பி வந்து இங்கே கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம், வீடுகள் இருக்கின்றன, வேலியும் அப்படியே இருக்கிறது என்று சொன்னாராம்.

அன்றிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. வேலி எந்த இடத்தில் நிற்கிறது? எங்கள் வீட்டுக் கூரை கிடக்கிறதா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? கேட்டறிய இருந்தது தமையன் ஒருவர்தான். கேட்க இவருக்கு வாய் வரவில்லை. நான் கேட்கிறேன் என்றாலும் விடமாட்டார். அது நான் என் மூத்த பிள்ளையைப் பெற்ற வீடு. இரண்டு பேர் மீதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் எல்லையில்தான் கை போகும். தமையன் தண்ணீர்ப் பக்கமிருந்து தொடங்கினார். இவர் பாதைப் பக்கமிருந்து தொடங்கினார்.

ஆளை ஆள் பார்க்கவில்லை. கயிறு பிடிக்கவில்லை. இரும்பு அலவாங்கால் குழி குத்துவதும் தடியை இறக்குவதும் காலால் மண்ணை மிதிப்பதும்தான். நடுவில் வந்து முட்டியபோது வேலி நூல் பிடித்தது போல நின்றது.

வருடக்கணக்கில் பேசாத இரண்டு பேர் சேர்ந்து கட்டிய வேலி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இங்குன் வந்து பார்த்தாள். வடிவான வேலி, ஆனால் மீனுக்கு இதால் நிழல் விழாது என்றாள். தடிகள் தண்ணீரின் ஓரம் நெடுகச் சிதறி நிற்கவேண்டும். பிடுங்கி மாற்றி நட முடியுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டு அடுத்த ஆட்களிடம் போய்விட்டாள்.

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் ஊரில் எல்லைக் கதியாலில் முதலில் கை வைத்துப் பிடுங்குகிறவன்தான் கள்ளன்.

இரண்டு பேரும் அலவாங்கைப் பிடித்தபடி நின்றார்கள். மேலே யாரோ சொசேஜைக் கருகவிட்டிருந்தார்கள்.

பிறகு தமையன் குனிந்து ஒரு தடியைப் பிடுங்கினார். அடுத்ததையும் பிடுங்கினார்.

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைப் பிடித்தேன்.

"அங்கையும் வேலி இல்லைத் தம்பி," என்றார் தமையன், நிமிராமலே. "வீடுகளும் இல்லை, கிணறும் இல்லை. எல்லாம் தரைமட்டம். உன்ர பக்கம் எது, என்ர பக்கம் எது எண்டு தெரியாமல் நடுவிலை நிண்டுட்டு வந்தனான்."

என் வீடு போய்விட்டது என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பிறகேன் எல்லாம் இருக்கெண்டு சொன்னனீங்கள்?" என்று நான்தான் கேட்டேன்.

"வேலி இருக்கெண்டு கேள்விப்பட்டால், சண்டைக்கெண்டாலும் இவன் என்ர வாசலுக்கு வருவான் எண்டு நினைச்சன்."

இவர் குனிந்து தன் பக்கத்துத் தடியைப் பிடித்து இழுத்தார். அது இறுகி நின்றது. தமையனும் வந்து ஒரு கை கொடுத்தார்.

மத்தியானம் வரைக்கும் தண்ணீரோரம் நெடுக நட்டார்கள். ஒருவர் அலவாங்கால் குத்த, மற்றவர் தடியை இறக்கினார். ஒருமுறை மட்டும் இவர் "அண்ணை, கால் வழுக்கும்" என்றார்.

பின்னேரம் இங்குன் வாசல் இலக்கம் எழுதிய பலகைகளோடு வந்தாள். எங்கள் துண்டு எதுவரைக்கும், அவர்களுடையது எங்கே தொடங்குகிறது என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.