வட்டம் சரியில்லை

"இதுக்குப் பேரு வட்டமா?" என்று ஓவிய டீச்சர் அந்த அட்டையை மேசைமேல் விட்டெறிந்தார்.

எதிரே, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் அந்தச் சிறுமியின் அப்பா. பாட்டில் கம்பெனியில் சூப்பர்வைசர். 'உடனே வாங்க' என்று பள்ளியிலிருந்து போன் வரவும் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்.

நான்காம் வகுப்புக்கு டீச்சர் கொடுத்திருந்த வேலை, நினைவு நாணயம் செய்வது. மறக்கக் கூடாத ஒரு நாளை யோசித்து, அட்டையை வட்டமாக வெட்டி, அலுமினியத் தாள் சுற்றி, மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்தி உருவம் கொண்டுவர வேண்டும். மற்றவர்களின் நாணயங்கள் ஜன்னலோரக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கின.

"இந்த வட்டத்துக்காகவா என்னை வேலையை விட்டுட்டு வரச் சொன்னீங்க?"

"வட்டம் மட்டுமா? ஓரமெல்லாம் பிசிறு. தாளெல்லாம் சுருக்கம். வீட்ல யாரும் கவனிக்கறதில்லைன்னு பாத்தாலே தெரியுது."

சூப்பர்வைசரின் முகம் கறுத்தது. "இருங்க, அவ அம்மாவையே கேக்கறேன்" என்று போனை எடுத்தார்.

"வகுப்புக்குள்ள போன் கூடாது. ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க."

"இங்கதான் யாருமே இல்லையே."

"நான் இருக்கேன்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு போனை அணைத்தார். "சரி, என் பொண்ணைக் கூப்பிடுங்க."

"பி.டி. மிஸ் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நாம பேசலாம்."

"படம் வரையறதெல்லாம் ஒரு பாடமா? கணக்குல மார்க் குறைஞ்சா கூப்பிடுங்க, வரேன்." அவர் எழுந்து கதவுவரை போய்விட்டார்.

"குறை சொன்னா எழுந்து ஓடற பழக்கம் உங்க பொண்ணுக்கும் இருக்கு. யாரைப் பாத்துக் கத்துக்கிட்டாளோன்னு நினைச்சேன்."

சூப்பர்வைசர் திரும்பி வந்தார். ஒரு பெண் கடைசி வார்த்தை பேசி, அவர் வாயை மூடிக்கொண்டு போனதாகச் சரித்திரமே கிடையாது.

"யார்கிட்டப் பேசறீங்கன்னு தெரியுதா? எனக்குக் கீழ வேலை பாக்கறவன் எவனும் என்னை நிமிர்ந்து பாக்கமாட்டான். என் பொண்டாட்டி என்னைக் கேக்காம வாசப்படி தாண்டமாட்டா."

"அப்படியா? அப்ப இதையும் உங்களைக் கேட்டுத்தான் செஞ்சாளா உங்க பொண்ணு?"

டீச்சர் நாணயத்தைத் திருப்பி வைத்தார். வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண்ணின் முகம். அவள் தோளில் சாய்ந்தபடி இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. ஓரத்தைச் சுற்றி எழுத்துகள் ஓடின. அவற்றைப் படிக்க அவர் நாணயத்தைக் கையில் எடுத்துச் சுற்ற வேண்டியிருந்தது.

'அப்பா ஊரில் இல்லாத நாள்.'

"யாரு... யாரு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"நான் வட்டம் போடத்தான் சொல்லிக் குடுத்தேன். அதுவே அவளுக்கு வரலை."

சூப்பர்வைசர் மேசையில் ஓங்கி அடித்தார். தூரிகை கழுவிய தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கலங்கல் தண்ணீர் தரையில் ஓடியது. டீச்சர் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தார்.

"உங்களுக்குக் குழந்தை குட்டி இருக்கா?"

"இல்லை."

"அதான பாத்தேன்."

"இல்லாததனாலதான் மத்தவங்க பிள்ளைங்க முகத்தைப் பாக்க நேரம் கிடைக்குது. முதுகைப் பாக்கவும்."

"ஒழுங்கா வளக்கணும்னா நாலு அடி போடத்தான் செய்வோம். அதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? மேலிடத்துக்கு எழுதி உங்களை இந்த வேலையை விட்டே தூக்கறேன், பாருங்க."

"தாராளமா எழுதுங்க. எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க."

அதற்குமேல் இருவரும் பேசியதில் மரியாதை மிச்சம் இல்லை. சூப்பர்வைசர் விரலை நீட்டி நீட்டிக் கத்தினார். அவர் மூச்சு வாங்கி ஓயும்போதெல்லாம் டீச்சர் இன்னொரு சொல்லைத் தூக்கிப் போட்டார். தொண்டை கட்டும்வரை சண்டை நீண்டது.

வெளியே ஒரு ஸ்கூட்டர் கேட்டுக்குள் திரும்பியது. டீச்சர் ஜன்னல் வழியே ஒரு முறை பார்த்தார். பிறகு அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க சார். நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்."

சூப்பர்வைசருக்கே இது எதிர்பாராதது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படி வழிக்கு வாங்க." நாணயத்தை எடுத்துப் பைக்குள் திணித்தார். "சாயங்காலம் அவ வீட்டுக்கு வரட்டும். இதை அவ கையாலயே கிழிக்க வைக்கறேன். பக்கத்துல நின்னு சிரிக்கறாளே, அவளுக்கும் இருக்கு."

ஜெயித்த மிடுக்கோடு படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் தேயும்வரை டீச்சர் அசையவில்லை. பிறகு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே வந்தார் பி.டி. மிஸ்.

"அம்மாவையும் பொண்ணையும் ரயில் ஏத்திட்டேன், மிஸ்."