கோடிக் கொட்டகைக்குப் போன தடித்த ஒயர்

ஒரு கோழிப்பண்ணையில் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் மெயின் பெட்டி ஒன்று இருந்தது. அது பக்கத்து ஆபீசில் ஏசி மெஷின் இருக்கிறாரே என்று மரியாதை பார்த்து, தடித்த ஒயரை அங்கே அனுப்பியது. நடுவிலிருந்த தீவனக் கிடங்குக்கு நடுத்தர ஒயர் போனது. வயல்கோடியிலிருந்த குஞ்சுக் கொட்டகைக்கு மிஞ்சியது மெல்லிய ஒயர்தான்.

சாயங்காலம் குஞ்சுகள் வந்து இறங்கின. கொட்டகையில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க மாட்டியிருந்த நாலு பல்புகளும் அணையப்போகும் கங்கு மாதிரி மங்கிக் கிடந்தன. குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கின.

"அக்கா, சூடே வரலையே!" என்று பல்புகள் கத்தின.

"நிறையத்தானே அனுப்புறேன்?" என்றது பெட்டி.

"கரண்ட் வழியிலேயே தேய்ஞ்சு போயிடுதுக்கா," என்று முனகியது மெல்லிய ஒயர். "எவ்வளவு தூரம் தெரியுமா?"

பெட்டிக்குச் சுருக்கென்றது. ஆளை அளந்தோமே, தூரத்தை அளந்தோமா?

"தடியா, நீ கோடிக்குப் போ! நடுத்தரம், நீ ஆபீசுக்கு வா. கிடங்கில ஒரே விளக்கு, அதுக்கு மெல்லிசு போதும்."

ஏசி சீறியது. "நாலு பல்புக்கு அந்தத் தடியனா? நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். பத்தடி தள்ளி இருக்கிறவரு."

ஒயர்கள் இடம் மாறியதும் பெட்டி சுவிட்சைப் போட்டது. ஏசி ஒரு குறையுமில்லாமல் ஓடியது. கோடியில் நாலு பல்பும் பளீரென்று எரிந்தன. குவிந்து கிடந்த குஞ்சுகள் கொட்டகை முழுக்கச் சிதறி ஓடித் தீவனத்தைக் கொத்தின. அந்தக் கீச்சுக்கீச்சு அத்தனை தூரம் கடந்து பெட்டியின் காதுவரை வந்தது, வழியில் கொஞ்சமும் தேயாமல்.