ஒரு வாளி விதைக்கிழங்கு

நேமன் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரமண் வாசனை. யாத்விகா தோண்டிப் போட்ட உருளைக்கிழங்குகள் செப்டம்பர் வெயிலில் தோல் உலர்ந்து கிடக்கின்றன. கருகல் நோய் தெரு முழுக்கச் செடிகளைத் தின்ற கோடையில், பச்சை மாறாமல் நின்ற செடிகளுக்கு மட்டும் அவள் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். அவற்றின் கிழங்கு தனிக் குவியல். அதில் கோழிமுட்டை அளவு இருப்பதாகப் பார்த்து எடுத்து, கட்டைவிரலால் மண்ணைத் துடைத்து, வாளியில் போடுகிறாள். டொக், டொக். குளிர்காலம் முழுக்க நிலவறையில் தூங்கி, மே மாதம் மண்ணுக்குள் போகப்போகிற விதை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நேலா வந்து நிற்கிறாள். "செடிக்கு ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கா அனுப்பப்போறே?" என்று ஜூலையில் சிரித்தவள். இப்போது அவள் தோட்டத்தில் அழுகல் நாற்றம். கையிலிருக்கும் காலி வாளியைப் பாவாடைக்குப் பின்னால் மறைக்கிறாள். அது மறைய மாட்டேன் என்கிறது.

"எதுக்குடி ஒளிக்கிறே? இந்தா, பிடி." நிறைந்த வாளி வேலிக்கு மேலே கை மாறுகிறது. நேலா வாயைத் திறப்பதற்குள் யாத்விகா தடுக்கிறாள். "நன்றின்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. விதை வாங்கிட்டு நன்றி சொன்னா முளைக்காது, தெரியும்ல? வேணும்னா திட்டிட்டுப் போ."

நேலா வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமுகிறாள். "திமிர் பிடிச்சவ. பெரிய விதைக்காரி. உன் மூஞ்சியும் உன் நூலும்..." வீட்டு வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போகிறாள், ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்காமல், ஆசை ஆசையாக. யாத்விகா அடுத்த கிழங்கைத் துடைக்கிறாள். இவ்வளவு திட்டுக்கு, அடுத்த வருஷம் நேலா தோட்டத்தில் மண் கொள்ளாத விளைச்சல்தான்.