பதினோரு மணிக்குள் நாலு சக்கரம்

சவ வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது.

ரிம் முழுக்க மார்ச் மாதத்துச் சாலை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நட்டுகளைச் சுற்றிக் கறுப்புப் பிரேக் தூள். இந்தச் சக்கரங்களில்தான் என் கணவர் ஆர்லன் கல்லறைக்குப் போகவேண்டும்.

சவ அடக்கக் கூடத்தின் முதலாளி கோபெக்கி கராஜ் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "நேத்துதான் கழுவினோம், மிஸஸ் ட்வைட். பனி உருகட்டும்னு மின்னசோட்டா ரோட்டுல உப்பைக் கொட்டுறாங்க, நாங்க என்ன பண்றது?"

கழுவியது உண்மைதான். வண்டிக் கதவின் பளபளப்பில் என் கறுப்புத் தொப்பி தெரிந்தது. ஆனால் வண்டியைக் கழுவுகிறவன் வேறு, சக்கரத்தைக் கழுவுகிறவன் வேறு. எங்கள் லூதரன்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிரிந்துபோய்த் தனிச் சபை கட்டியிருக்கிறார்கள்.

அப்போது மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு வண்டி கிளம்பும். அதற்குமுன் ஆர்லனின் நண்பர்கள் ஆறு பேரும் வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாகன நிறுத்தத்தில் ஒருவர் ரிம்மை ஒருவர் குனிந்து பார்க்கிறவர்கள்.

துக்கத்தில் தலை குனிவார்கள். குனிந்தால் கண்ணுக்கு நேரே சக்கரம்தான். அதிலும் லாயிட், ஸ்போக்குகளுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் இருக்கமாட்டார். பெட்டிக்குள் யார் என்பது அவருக்கு அப்புறம்.

'ஆர்லனை அழுக்கு ரிம்மில் அனுப்பிவைத்தாள்.' நான் சாகும்வரை இதைச் சொல்வார்கள். செத்தபிறகும் சொல்வார்கள்.

"ரெண்டு வாளி வேணும்," என்றேன்.

"ஒண்ணு போதாதா?"

அந்தக் கேள்வியிலேயே கோபெக்கி எந்தச் சபை என்று தெரிந்துவிட்டது.

ஒரு வாளி சோப்புக்கு. இன்னொன்று பிரஷ்ஷை அலசுவதற்கு. அலசாத பிரஷ், கழுவிய சக்கரத்தின் மணலைக் கொண்டுபோய் அடுத்ததில் தேய்க்கும். எனக்கு எல்லாம் தெரியும். செய்யத்தான் அனுமதி இல்லை. எண்பத்தெட்டாம் வருஷம் ஒருமுறை சக்கர பிரஷ்ஷால் கார்க் கதவைத் தேய்த்துவிட்டேன். ஆர்லன் டார்ச் அடித்துக் கீறல்களைப் பார்த்தார். திட்டவில்லை. பிரஷ்களை எல்லாம் எனக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவைத்தார்.

கோட்டைக் கழற்றிவிட்டு, கறுப்புக் கவுனோடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன். துக்க உடையில் ஒரு சௌகரியம், பிரேக் தூள் தெரியாது.

தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்தேன். ஸ்போக்குகளுக்குப் பெரிய பிரஷ். நட்டுக் குழிகளுக்குப் பல் தேய்க்கும் பிரஷ். ரிம்மின் உட்புறத்துக்குக் கையை முழங்கைவரை விட்டேன். ஒருவரும் பார்க்காத இடம். அங்கேதான் ஒருவனின் குணம் தெரியும் என்பார் ஆர்லன். எனக்குள்ளும் அப்படி ஓர் இடம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாக நினைவில்லை.

கூடத்துக் கதவைத் திறந்து ஆர்லனின் அக்கா வெர்னா எட்டிப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, மார்லிஸ்! பாஸ்டர் உன்னைத் தேடுறாரு, நீ இங்க சக்கரம் கழுவிட்டிருக்கியா? ஊரே வந்து உக்காந்திருக்கு. சாப்பாட்டுக்கு எட்டு கேசரோல் வந்திருக்கு. எட்டும் டூனா மீன்."

"ஏத்தப்போறது உன் தம்பியை. நீயே வந்து பாரு."

பார்த்தாள். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே. முகம் மாறிவிட்டது.

"இந்த லட்சணத்துலயா கூட்டிட்டுப் போறாங்க? பின்னாடி வலது பக்கம் இதைவிட மோசம். சட்டுனு முடி."

கடைசியில் டயர்களுக்குப் பாலிஷ். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவவேண்டும். அள்ளிப் பூசினால் ஓடும்போது கதவெல்லாம் தெறிக்கும்.

நாலாவது டயரைத் துடைத்துவிட்டு எழுந்தேன். எங்கே விரலை விட்டாலும் லாயிட்டுக்கு ஒன்றும் ஒட்டாது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி ஏழு நிமிடம்.

நாலு சக்கரம், உட்புறம், நட்டுக் குழி, பாலிஷ். எல்லாம் சேர்த்து முப்பத்தேழு நிமிடம். பழகாத கை. முட்டிவலி வேறு.

கடிகாரம் ஓடவில்லையோ என்று நினைத்தேன். முள் நகர்ந்தது.

நாற்பத்தொரு வருஷமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும், ஆர்லன் காலை எட்டு மணிக்குக் கராஜுக்குள் போவார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டால்தான் வெளியே வருவார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கார்.

கூடத்துக் கதவு மறுபடியும் திறந்தது. காபி வாசனையும் டூனா வாசனையும் தாழ்ந்த குரல்களும் சேர்ந்து வந்தன.

"முடிஞ்சுதா?" வெர்னா கதவருகிலேயே நின்று கேட்டாள். "எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கராஜில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

"இன்னும் ரெண்டு சக்கரம் பாக்கி," என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு முதல் சக்கரத்துக்குப் போனேன்.