முள் கடக்கும் நாட்கள்

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில், மகேஸ்வரனின் கடிகாரக் கடை மேசைமேல் ரோலண்டின் பழைய கைக்கடிகாரம் கிடக்கிறது. சாவி கொடுக்க ஆளில்லாமல், அவர் இறந்த பதினான்காம் தேதியிலேயே அது நிற்கிறது. அவர் மனைவி டொரத்தி பக்கவாட்டுத் திருகை இழுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டாள். முள் நகர்கிறது, தேதி அசையவில்லை. "கெட்டுப்போகலக்கா," என்கிறான் மகேஸ்வரன். "பழைய மாடல் லா. தேதிய மட்டும் தனியா மாத்த முடியாது. முள்ளு ராத்திரி பன்னெண்டத் தாண்டினாத்தான் ஒரு நாள் நகரும். நான் சுத்தித் தரவா?" "வேணாம் தம்பி, நானே சுத்துறேன்." மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சத்தில் அவள் திருகுகிறாள். முட்கள் வட்டமிட்டு, மெல்லிய சொடுக்கோடு பதினைந்து வருகிறது. அடக்கம் செய்த நாள். விரல் நின்றுவிடுகிறது. மகேஸ்வரன் தலை குனிந்து காத்திருக்கிறான். அவள் மறுபடி சுற்றுகிறாள். வீடு நிறைய ஆட்கள் இருந்த நாள் போகிறது. மகள் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிய நாளும் போகிறது. அதற்குப் பிறகு வரும் தேதிகளில் நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவற்றையும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கடக்கிறாள். "இன்னிக்குத் தேதி வந்துருச்சுக்கா." திருகை உள்ளே அழுத்திச் சாவி கொடுக்கிறாள், நொடிமுள் ஓடத் தொடங்குகிறது. கையில் கட்டிக்கொள்கிறாள். வார் தளர்ந்து, கடிகாரம் மணிக்கட்டின் அடிப்பக்கம் சரிகிறது. "வார்ல இன்னொரு ஓட்ட போடவா?" "வேணாம் தம்பி," என்கிறாள். "அவர் கை அளவாவே இருக்கட்டும்."