ஒரே ஒரு ஆள் குறையுது

“ஒன்பது பிள்ளையை வச்சுக்கிட்டு வீட்டுல சும்மா உக்காந்திருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?”

காரை விட்டு இறங்கியதும் ஆர்த்தி கேட்ட முதல் கேள்வி அது. எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் சபரிநாதனின் மனைவி. கம்பெனியில் நிர்வாகப் பங்குதாரர். அதாவது, கணவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மாதச் சம்பளம் உண்டு. போதாததற்கு மகளிர் சங்கத் தலைவி.

வள்ளித்தாய் உட்கார்ந்திருக்கவே இல்லை. இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று தொங்க, மூன்றாவதற்கு மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். மற்றவை வேப்பமரத்தைச் சுற்றி ரயில் ஓட்டின.

“வாங்க முதலாளியம்மா. ஏலே, ரயிலை நிறுத்துங்கலே! இந்தப் பிள்ளைக வந்து…”

“விளக்கமெல்லாம் வேண்டாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அடுத்த மாசம் தனியா ஒரு கூட்டம் போடுறேன். இன்னைக்கு வந்தது வேற விஷயம். தாய்னா நாலு காசு சம்பாதிக்கணும். அப்பத்தான் சமுதாயத்துக்குப் பிரயோசனம். என்னையே பாரு!”

வள்ளித்தாய் பார்த்தாள். கூலிங் கிளாஸ் நன்றாகத்தான் இருந்தது.

“நான் வேலைக்கு வந்துட்டா இதுக…”

“அதுக தானா வளரும். பேக்கிங்ல ஒரே ஒரு ஆள் குறையுது. நாளைக்குச் சாயங்காலம் ஜெய்ப்பூர் லோடு கிளம்பணும். தீபாவளி ஆர்டர். தவறினா மொத்தச் சரக்கும் எங்க தலையில. வர்றியா, இல்லையா?”

வள்ளித்தாய் ஒரு நிமிடம் ரயிலைப் பார்த்தாள். பிறகு குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

“எம்புட்டு நாள் ஆசை தெரியுமா! டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, கம்பெனி வண்டியில சன்னலோரமா உக்காந்து… வாரேன் முதலாளியம்மா!”

மறுநாள் காலை கம்பெனி வாசலில் டிஜிட்டல் பேனர்: ‘சம்பாதிக்கும் தாயே சமுதாயத்தின் தூண்!’ பேனரில் தூணைவிட ஆர்த்தி பெரிதாக இருந்தார். வள்ளித்தாய்க்கு மாலை போட்டார். போட்டோ சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடியும் போட்டார்.

போர்மேன் ரத்தினசாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“அம்மா, பேக்கிங்ல ஆள் இல்லம்மா!”

“ஒரு ஆள்தானே? இதோ, நானே கொண்டாந்துட்டேன்.”

“இது ஒண்ணுதாம்மா இருக்கு! மத்த எட்டுப் பொம்பளைகளும் வரமாட்டேன்னுட்டாக.”

ஆர்த்தியின் கூலிங் கிளாஸ் மூக்கு நுனிக்கு இறங்கியது.

“தீபாவளி நேரத்துலயா? ஸ்டிரைக்கா?”

மாலையைக் கழற்ற மனமில்லாத வள்ளித்தாய், டிபன் பாக்ஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஸ்டிரைக்கெல்லாம் இல்ல முதலாளியம்மா. நேத்து நீங்க பாத்த ஒன்பதுல, இடுப்புல இருந்தது மட்டுந்தான் நான் பெத்தது. மத்த எட்டும் அவுகளோடது. அவுக வேலைக்கு வரட்டும்னு நாந்தான் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு என் பிள்ளையையும் சேத்து அவுக பாத்துக்கிறாக… நீங்க லாரியை வரச் சொல்லுங்க, அதான் நான் ஒருத்தி வந்துட்டேன்ல!”